முன்மூலைக் கல்

ஆற்றோரத் தெருக்காரர்கள் வெள்ளத்துக்கென்று சேர்ந்து ஒரு படகு வாங்கினார்கள். ஞாயிறுதோறும் ஒத்திகை நடக்கும். செவ்வந்தி பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்ல, அவரவர் தம் இடத்தில் போய் உட்காருவார்கள். முன்மூலையில் மட்டும் ஒரு கருங்கல்லை வைப்பாள்.

தெருநாய் தவிடனுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். முதல் ஒத்திகையில் துள்ளிப் படகை ஆட்டிவிட்டதால், தவிடனைக் கரையிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள்.

"ராப்பகலா இந்தத் தெருவைக் காக்கிறவன் நான். சவாரி மட்டும் உனக்கா?" என்று கல்லைப் பார்த்து உறுமியது.

"எனக்கென்ன தெரியும்?" என்றது கல். "பழைய பேப்பர் கடைத் தராசுல வெச்சாங்க. சரியா இருக்குன்னு தூக்கிட்டு வந்தாங்க."

"என்னையுந்தான் அந்தத் தராசுல ஏத்துனாங்க. படகுல ஏத்தலையே."

ஐப்பசியில் ஆறு தெருவுக்குள் வந்தது. தள்ளுமுள்ளு இல்லாமல் எல்லோரும் தம் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஞாயிறன்று வைத்த கல்லும் முன்மூலையில் இருந்தது. மதில்மேல் நின்ற தவிடன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

செவ்வந்தி கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள்.

"தவிடா, ஏறு. உன் இடந்தான்."

ஏறிய வேகத்தில் ஒரு துள்ளு துள்ளியது. படகு ஆடியது, சாயவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு கல்லைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவினார்கள். அடுத்த ஒத்திகையில் தவிடன் கரையில், கல் முன்மூலையில். வெயில் காய வந்த பூனையொன்று கல்லின்மேல் ஏறிப் படுத்தது.

தவிடன் கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்தது.

"இறங்கு. அது நான்."