மாடி வீட்டு ரோஜா

ஒரு தொட்டியில் ஒரு ரோஜாச் செடிதான் இருக்கும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை இன்றோடு கைவிட வேண்டும். நர்சரியில் வாங்கும் செடியில் இருவர் குடியிருக்கிறார்கள். கீழே வேர் விட்டிருப்பது காட்டு ரோஜா. அதன் தண்டில் ஒட்டுக் கட்டியிருப்பதுதான் நாம் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு ரோஜா.

வேதவல்லியின் பால்கனித் தொட்டியில், ஒட்டுக்குக் கீழே காட்டு ரோஜா தானும் ஒரு கிளை விட்டது. மேலே சிவப்பு ரோஜாவின் இலைகள் வாடத் தொடங்கின.

"என்ன அநியாயம் இது! எனக்கு வரவேண்டிய தண்ணியெல்லாம் நீயே குடிக்கிறியே?" என்று கத்தியது சிவப்பு ரோஜா.

"கத்தாதீங்க அக்கா. குழாய் என் வீட்டு வழியாத்தானே மாடிக்கு வருது? மிச்சமிருந்தா அனுப்புறேன்."

"என் பூவைப் பார்த்துத்தான் அந்தம்மா இந்தச் செடியை வாங்கினாங்க. உன் மூஞ்சியைப் பார்த்தா வாங்கினாங்க?"

"அப்ப அவங்ககிட்டயே சொல்லுங்க."

"சொல்லவே வேண்டாம்டீ. அவங்களுக்குக் கண்ணு இருக்கு. நாளைக்கே கத்தரியோட வந்து உன்னை ஒட்ட நறுக்குவாங்க!"

மறுநாள் வேதவல்லி கத்தரியோடுதான் வந்தாள். கீழே தளதளவென்று வளர்ந்திருந்த கிளையைக் கண்டதும் பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.

"வெங்காயத் தோல் ஊறவெச்ச தண்ணி ஊத்தினேன், எப்படித் துளிர்த்திருக்கு பாருங்க!"

பிறகு, அதற்கு இடைஞ்சலாக மேலே வாடிக்கொண்டிருந்த கிளையை ஒட்டோடு நறுக்கி எறிந்தாள்.

இப்போது முட்டை ஓடும் சேர்த்துப் போடுகிறாள்.