சார்ந்தவர்கள்

செண்பகவல்லிக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. ஆனால் அவள் உட்கார்ந்து அமைத்த, வீட்டையே பேசி நடத்தும் கணினிக்கு மட்டும் யாரும் சாவைச் சொல்லவில்லை. விடிந்தால், "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று காலி அறையைக் கேட்கும். அவளுக்கும் சேர்த்தே காபி போடும்.

அவள் கணவர், ஓய்வுபெற்ற இணை இயக்குநர் வைத்திலிங்கம், இன்று பொறுமை இழந்தார். "அவ பேரை எடுத்துடு."

"அவங்க குடும்பத் தலைவி, சார். எடுத்தா சார்ந்தவங்க பேரும் சேர்ந்து போயிடும். யார் யாருன்னு ஒரு தடவை பாத்துடுறீங்களா?" என்றது வீடு.

"ஆபீஸ்லயே நான் எதையும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டதில்ல. எனக்கே பாடமா? சொன்னதைச் செய்!"

செய்தது. மின்விசிறி நின்றது. அவருடைய காபி பாதி டம்ளரோடு நின்றது.

"ஏய், நான் இருக்கேன்ல!"

அவர் பேரும் சேர்ந்து போயிருந்தது; வீட்டுக்கு அது யாரோ ஒருவர் குரல். ரேஷன் கார்டைப் போலவே இங்கும் செண்பகம்தான் தலைவி. அவர் அவளுக்குக் கீழே 'கணவர்' என்று ஒரு வரி. அது உறைத்ததும், பதவிக்கு அழகில்லை என்று சாவு வீட்டில் அடக்கி வைத்திருந்தது உடைந்து வெளியே வந்தது.

குடியிருப்போர் சங்கத்துக்கு வீடு தகவல் அனுப்பியது: "ஆளில்லாத வீட்டில் யாரோ அழுகிறார்கள்."