முறுக்குக்கு ஒரு வீடு

“கடையில வாங்கறதா, வளர்த்து விக்கிறவங்ககிட்ட வாங்கறதா, இல்ல உங்களை மாதிரி சும்மா கொடுக்கறவங்ககிட்ட எடுத்துக்கறதா? எங்களுக்கு இதெல்லாம் புதுசு தம்பி. நீங்களே சொல்லுங்க.”

கேட்டுவிட்டு ஷியாமளா சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அவள் கணவர் சேதுமாதவன் மட்டும் நுனியில் உட்கார்ந்து, தரையில் ஓடிய பிராணியைப் பார்த்துக் காலைத் தூக்கிக்கொண்டார்.

கீரிப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம் போல நீள உடம்பு, குட்டைக் கால்கள், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அதுதான் ஃபெரெட். தூங்கும்போது சுருண்டு கிடக்கும் என்பதால் விஜயபாஸ்கர் அதற்கு முறுக்கு என்று பெயர் வைத்திருந்தான். துபாய் கராமாவின் இந்தச் சின்ன ஃப்ளாட்டில் மூன்று வருடமாக அவனுக்கு இருந்த ஒரே துணை. ‘நல்ல வீட்டுக்கு இலவசமாகத் தரப்படும்’ என்று நேற்றுதான் தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். இன்று மாலையே ஆள் வந்துவிட்டது.

“குரூப்ல உங்க நம்பரைப் பார்த்ததுமே கிளம்பிட்டோம்” என்றாள் ஷியாமளா.

“கடைன்னா பளபளன்னு வச்சிருப்பாங்க மேடம். அதுல மயங்கிடாதீங்க. தடுப்பூசி புக்கைக் காட்டச் சொல்லுங்க. கையில எடுத்தா கடிக்குதான்னு பாருங்க. வளர்க்கிறவங்ககிட்டன்னா தாயைக் காட்டச் சொல்லுங்க. தாய் சாதுவா இருந்தா குட்டியும் பெரும்பாலும் சாதுதான்.”

“அது சரி, உங்க அம்மா எங்க இருக்காங்க?”

விஜயபாஸ்கர் விழித்தான். “திருச்சியில. சனிக்கிழமை விசிட் விசாவுல வர்றாங்க.”

“சமையல் எல்லாம்?”

“நானேதான் சமைச்சுக்கறேன். ஓ... இதுக்கா? கோழி ஈரல்னா உயிரை விடும் மேடம்.”

“ரெண்டையும்தான் கேட்டேன்” என்று சிரித்த ஷியாமளா, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சேதுமாதவன் பால்கனிக் கதவைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். பிராணி வளர்ந்த இடம் சுத்தமா என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது, விவரமானவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டான் விஜயபாஸ்கர்.

“சரி, சும்மா கொடுக்கறவங்ககிட்ட எடுத்தா?” என்று சேதுமாதவன் உள்ளே வந்தார்.

“புதுசா வளர்க்கறவங்களுக்கு அதுதான் சார் நல்லது. மனுஷங்ககிட்ட பழகியிருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் கட்டாயம் கேட்டுக்கணும். ஏன் கொடுக்கறாங்கன்னு. காரணம் சரியில்லேன்னா எடுக்காதீங்க.”

“அப்ப கேட்டுடறேன்” என்றாள் சமையலறையிலிருந்து திரும்பிய ஷியாமளா. “நீங்க ஏன் கொடுக்கறீங்க?”

வசமாக மாட்டிக்கொண்டான். முறுக்கு அவன் சட்டைக் கைக்குள் நுழைந்து படுத்துக்கொண்டது.

“எனக்குப் பொண்ணு பார்த்திருக்காங்க மேடம். போட்டோதான் பார்த்தேன். பிடிச்சிருக்கு. ரொம்பவே பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை பொண்ணைப் பெத்தவங்க இங்க வர்றாங்க. இதைப் பார்த்தா, இந்த வாசனைக்கே எழுந்து ஓடிடுவாங்களாம். அதுக்குள்ள எங்கேயாவது தள்ளிவிடுன்னு அம்மா தினமும் போன்ல ஒரே சத்தம்.”

“வாசனை இருக்கத்தான் செய்யுது” என்ற சேதுமாதவனை ஷியாமளா முறைத்தாள்.

“அம்மா சொல்றது நியாயம்தானே தம்பி? நல்ல இடம் வரும்போது இதையெல்லாம் பார்த்தா ஆகுமா? கூண்டைக் கொண்டு வாங்க. நாங்க எடுத்துட்டுக் கிளம்பறோம்.”

கூண்டு வந்தது. தன் பழைய பனியனை உள்ளே மடித்துப் போட்டான். ஃப்ரிட்ஜிலிருந்து ஈரல் டப்பாவை எடுத்து வைத்தான். முறுக்கை மெல்ல உள்ளே விட்டான். அது பனியனை முகர்ந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல வட்டமாகச் சுருண்டுகொண்டது.

விஜயபாஸ்கர் சட்டென்று கூண்டுக் கதவைத் திறந்து அதை வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“மன்னிச்சுக்குங்க மேடம். என்னால முடியல. போன வருஷம் வேலை போய் ரெண்டு மாசம் இந்த ஃப்ளாட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஃப்ரெண்ட்ஸ்கூட போன் எடுக்கல. இதுதான் கூட இருந்துச்சு. இப்ப எனக்கு நல்லது வருதுன்னதும் இதைத் துரத்திவிட்டா நான் என்ன மனுஷன்?”

“அப்ப அந்தப் பொண்ணு?”

“பெத்தவங்க வந்ததும் மறைக்காம இதைக் காட்டிடறேன். பிடிக்கலேன்னா...” முறுக்கின் முதுகைத் தடவினான். “போட்டோவை டெலிட் பண்ணிட வேண்டியதுதான்.”

ஷியாமளா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வீணாக அலைய வைத்துவிட்டோமே என்று அவனுக்குச் சங்கடமாக இருந்தது. லிஃப்ட் வரை வந்து இரண்டு முறை ஸாரி சொன்னான்.

லிஃப்ட் கதவு மூடியதும் சேதுமாதவன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். “என்ன ஷியாமளா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?”

“கஷ்டத்துல கூட இருந்த ஒரு வாயில்லா ஜீவனையே விட்டுக்கொடுக்க மாட்டேங்கறானேங்க” என்று மூக்கை உறிஞ்சியவள், கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

“முதல்ல நம்ம அனன்யாவுக்குச் சொல்லணும். அப்புறம், ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வர்றப்ப பூ, பழத்தோட அரைக் கிலோ கோழி ஈரலும் வாங்கிக்கணும், மறந்துடாதீங்க.”