சுவருக்கு அந்தாண்ட

டொக், டொக், டொக்.

அகல்யா பேச்சை அப்படியே நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு நாகம்மா மறுபடியும் சுவரைத் தட்டுகிறாள்.

திங்கட்கிழமை அகல்யாவுக்கு இன்டர்வியூ. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ரிசப்ஷனில் வேலை. போன முறை வேறொரு இடத்தில், எல்லாம் தெரிந்தும், எதிரே மேனேஜர் வந்து உட்கார்ந்ததும் ஆங்கில வார்த்தைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டன. வீட்டுக்கு வந்து அழுதாள். இதுவும் போனால் இனி எந்த இன்டர்வியூவுக்கும் போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதனால் கணவன் கிஷோர் ஐ.டி. கம்பெனி வேலை முடிந்து ஐயப்பன்தாங்கல் வந்து சேர்ந்ததும் தினமும் பயிற்சி. அவன் தமிழில் ஒன்று சொல்வான். அவள் அதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"ஐ மார்னிங் டூ இட்லி ஈட்."

"ஈட்டைத் தூக்கி இட்லிக்கு முன்னாடி போடு."

"இட்லியே இன்னும் வரல, அதுக்குள்ள எப்படிங்க சாப்பிடறது?"

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாகம்மா ருத்ர தாண்டவம் ஆடும்வரை.

எதிர்வீட்டு ஆக்னஸிடம், சாயங்காலமானால் சீரியலை அலறவிட்டு ஊரைக் கூட்டுகிறாயா என்று சண்டை. மாடி வீட்டு சபீனாவிடம், ஏழு மணிக்கு மேல் மிக்ஸி ஓடினால் நடப்பதே வேறு என்று மிரட்டல். அவள் வாயைத் திறந்தால் கரையான்சாவடிவரை கேட்கும். அந்த அம்மாளுக்குச் சத்தம் ஆகாதாம்!

அகல்யா பயந்துபோய் அன்றே குரலைக் குறைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் சுவரில் முதல் தட்டு விழுந்தது. இன்னும் குறைத்தாள். தட்டு இன்னும் பலமானது. நேற்று இருவரும் காதோடு காதாகப் பேசியதற்கு, காலண்டரே ஆணியோடு கீழே விழுந்தது.

இன்று பொறுமை போய்விட்டது. சொந்த வீட்டுக்குள் பேசக்கூட இவளிடம் பர்மிஷன் வாங்க வேண்டுமா? கிஷோர் தடுத்தும் கேட்காமல், நேரே போய் நாகம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. நாகம்மா முந்திக்கொண்டாள்.

"இன்னாம்மா நீ, வரவர வாய்க்குள்ளயே முணுமுணுத்துகினு கீற? தட்டித் தட்டி கை வலிக்குது. சத்தமா பேசினாத்தானே கேக்கும்?"

அகல்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்குக்கா கேக்கணும்?"

நாகம்மா கதவை அகலத் திறந்தாள். உள்ளே பாயை விரித்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், சீரியலை விட்டுவிட்டு வந்த ஆக்னஸும், மிக்ஸியை மூட்டை கட்டிவிட்டு வந்த சபீனாவும், கீழ்வீட்டு பார்வதமும். அகல்யாவைக் கண்டதும், பரீட்சையில் பிட் அடித்து மாட்டியவர்களைப் போல நெளிந்தார்கள்.

நாகம்மாவே விஷயத்தைச் சொன்னாள். கல்லூரி வாசலில் அவளுக்கு டிபன் கடை. சாப்பிட வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. சுவர் வழியே வந்த அகல்யாவின் வாக்கியங்களைக் கூடவே சொல்லிப் பழகி, மறுநாள் கடையில் பேசிப் பார்த்தாள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. எதிர்வீட்டிலும் மாடியிலும் சண்டை போட்ட வேகத்தில் இந்தக் காரணத்தையும் சொல்லிவைக்க, பார்வதத்தையும் கூட்டிக்கொண்டு அவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நேரில் கேட்டால் அகல்யா கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாளே என்றுதான் யாரும் மூச்சு விடவில்லை.

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அகல்யாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

"நான் உளறினது எல்லாத்தையும் கேட்டீங்களா? முன்னாடி நாலு பேர் உட்கார்ந்தா எனக்குப் பேச்சே வராதுக்கா."

நாகம்மா பாயைத் திரும்பிப் பார்த்தாள். தன்னையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினாள்.

"நாலு பேரு தெனம் உன் முன்னாடிதாம்மா குந்திகினு கீறோம். நடுவுல ஒரு செவுரு, அவ்ளோதான். நல்லாத்தானே பேசுற?"