எலி தின்ற தீவனம்

"ஒன்பதுதான்," என்றார் டாக்டர் குரோகி, தோள்வரை மாட்டியிருந்த உறையோடு கையை வெளியே எடுத்தபடி.

மினோரி பலகையில் அதை எழுதினாள். கிடேரியின் சினைப்பையில் எத்தனை கருமுட்டைப் பைகள் இருக்கின்றன என்று ஸ்கேன் கருவியின் சின்னத் திரையில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருபதுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. பத்தை ஒட்டி நின்றால் சினை பிடிப்பதே சந்தேகம். இதுவரை பார்த்த ஆறில் ஒன்றுகூடப் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

"நல்லா கொட்டை எழுத்துல எழுது," என்றார் மாமனார் நகசோனோ. "உன் கைராசி ஊருக்கே தெரியட்டும்."

மினோரி ஒன்பதை இன்னும் அழுத்தி எழுதினாள். கணவன் கோஹெய் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. எரிமலைச் சாம்பல் படிந்த இந்தக் கூரைக்குக் கீழே நிற்கும் கறுப்பு மாடுகளை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. கறிக்கு வளர்க்கிறவர்களுக்குக் கன்று விற்பதுதான் இந்த வீட்டின் தொழில். தொழுவத்தை ஒசாகாவில் கார் விற்கும் சின்ன மகனுக்கே கொடுப்பதாகக் கிழவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். ஊர்ச் சங்கத்தில் நாலு பேர் நியாயம் கேட்டதால் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அவள் வளர்த்தெடுக்கும் முதல் தொகுதிக் கிடேரிகள் எட்டும் ஸ்கேனில் தேறினால் தொழுவம் அவளுக்கு. தேறாவிட்டால் அவள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சின்ன மகனுக்கு மாட்டின் அருகே போகவே பயம். பெற்ற பிள்ளையாயிற்றே, அதெல்லாம் கிழவர் கண்ணில் படுமா?

ஏழாவதற்குப் பதினொன்று.

கடைசியில் நின்றது அயாமே. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை எண்ணினார்.

"முப்பத்தொண்ணு," என்றார்.

கிழவருக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா? கிகுனோ பொண்ணு. எங்கப்பா காலத்து வம்சம், சும்மாவா?"

அயாமேயின் தாயான அந்தக் கிகுனோவை, பெரிய கன்று போட்டு அரை நாள் பாடுபடுத்தினாள் என்று போன வருஷம் கறிக்கு அனுப்பியவரும் இவர்தான். அதை இப்போது யார் ஞாபகப்படுத்துவது?

டாக்டர் கை கழுவிக்கொண்டே, இது வளர்ப்பில் வந்த குறை இல்லை என்றார். கன்றுக்கு எத்தனை கருமுட்டை என்பது தாய் வயிற்றிலேயே முடிவாகிவிடும். சினையான முதல் மூன்று மாதம் தாய் பட்டினி கிடந்தால் கன்று குறைவோடுதான் பிறக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் எண்ணிக்கை ஏறாது. இவை கருவான குளிர்காலத்தில் தாய்மாடுகளுக்கு என்ன போட்டீர்கள் என்று விசாரித்தார்.

கிழவர் தயங்கவே இல்லை. கன்று வயிற்றில் சின்னதாக இருக்க வேண்டும், வெளியே வந்து பெரிதாக வேண்டும், அப்போதுதான் தாய்க்குச் சிரமம் இல்லை என்பது அவர் கட்சி. அதனால் சினை பிடித்ததிலிருந்து மூன்று மாதம் அரை அளவுதான். தீவன அறைச் சாவியை இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை. இதைச் சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறார்.

"அதான் காரணம்," என்றார் டாக்டர்.

கிழவர் சிரித்தார். "எட்டுத் தாய்க்கும் ஒரே அளவு டாக்டர். நானே அளந்து போட்டேன். கிகுனோவுக்கு ஒரு பிடி கூடப் போடல. மூட்டையில கூடக் குறைஞ்சிருந்தா அது எலி தின்னதுதான். அந்தக் குளிர்ல எத்தனை பொறி வெச்சேன், ஒண்ணும் சிக்கல. நீங்க சொல்றபடி எல்லாமே பட்டினின்னா, இவளுக்கு மட்டும் எப்படி முப்பத்தொண்ணு?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். மினோரியைப் பார்த்தார். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன? குத்தம் வளர்த்த கையிலதான்," என்று கிழவர் தீர்ப்புச் சொன்னார். சின்ன மகன் மாதக் கடைசியில் வந்துவிடுவான். ஏழு கிடேரிகளும் கறிக்குப் போகட்டும், அயாமே மட்டும் இருக்கட்டும். மினோரி இன்றைக்கே துணிமணிகளை எடுத்துவைக்கத் தொடங்கலாம்.

ஏழும் கறிக்கு என்றதும் மினோரி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறந்த அன்றே வைக்கோலால் துடைத்து, புட்டியில் பால் புகட்டி, பெயர் சொல்லி வளர்த்தவை. இனி இழப்பதற்கு அவளுக்கு என்ன இருந்தது?

பேனாவை மூடி வைத்துவிட்டு அயாமேயிடம் போனாள். தொழுவத்தின் கோடியில், தீவன அறைச் சுவரை ஒட்டிய இடம் அது. முன்பு கிகுனோவைக் கட்டியிருந்ததும் அங்கேதான். மினோரி குனிந்து சுவரின் அடிப்பலகையைத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் நகர்ந்தது. ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது.

"அந்த எலி நான்தான் மாமா," என்றாள். "பயந்து பயந்து இவ அம்மாவுக்கு மட்டும் எடுத்துப் போட்டேன். எட்டுக்கும் திருடியிருக்கணும்."