நேரலையில் ஒரு வரி

பட்டறை இடைவேளையில் சோயாப்பாலை ஆறவிட்டு, பாங் லெய் கைப்பேசியில் மகளின் வகுப்பை நேரலையில் பார்க்கிறான். குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் மகள் நிங்நிங் புத்தகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு, பாடத்தின் முதல் வரியிலேயே திக்கி நிற்கிறாள். “உங்கம்மா போறப்போ உன் நாக்கையும் எடுத்துட்டுப் போயிட்டாளா?” என்கிறார் கோங் டீச்சர். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வகுப்புச் சுவரில் உள்ள திரையில், நேரலையைப் பார்க்கும் பெற்றோரின் செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுகின்றன: ‘உங்கள் உழைப்புக்கு நன்றி, டீச்சர்.’ “டேய் பாங், உன் பேரு மட்டுந்தான் காணோம். அப்புறம் பொண்ணைக் கடைசி பெஞ்சுல தள்ளிருவாங்க,” என்கிறான் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி. லெய் அதே வரியைத் தட்டி அனுப்புகிறான். திரையில் அவன் பெயர் வருகிறது. “உங்கப்பாதான் போட்டிருக்காரு. அதையாவது படி,” என்கிறார் டீச்சர். நிங்நிங் திரும்பித் திரையைப் பார்க்கிறாள். அப்பாவின் அந்த நன்றி வரியை ஒரு திக்கலும் இல்லாமல் படித்து முடிக்கிறாள்.