ஐஸ் பெட்டியில் ஓர் இடம்

கல்லீரல் நோய் ஆராய்ச்சிக்கூடத்தின் ஃபிரிட்ஜில் ரத்தக் குப்பி ஒன்று இருந்தது. ஒரு நாள் அதன் பக்கத்தில் ஒரு மல டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"கண்றாவி! இந்த நாத்தத்தோட ஒரே தட்டிலயா? ஏய், தள்ளி உட்காரு!" என்று குப்பி சீறியது. டப்பா ஒதுங்கிக்கொண்டது.

மறுநாள் டாக்டர் இன்பவல்லி வந்தார். குப்பியைத் தொடக்கூட இல்லை. டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

"பத்திரம்ப்பா! கல்லீரலைக் கெடுக்கிற கிருமி இதுலதான் இருக்கணும். விமானத்துல டெல்லிக்குப் போகுது" என்றார் உதவியாளரிடம்.

குப்பிக்கு வயிறு பற்றி எரிந்தது. "நாத்தத்துக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்று முணுமுணுத்தது.

பெட்டியின் மூடி இறங்கும்போது குப்பியின் குரல் குழைந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்... நானும் வந்துடறேன்."